வெற்றிலை பிரிக்கிற கை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். விரலை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, என்னைவிட நன்றாகப் படம் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு ஆளைப் பற்றி. தொண்ணூறுகளில், நான் மைசூரில் லூனா மொபெட்டில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்டாக இருந்தபோது நடந்தது. 'மசாஜ் பண்றவங்களா?' என்று கதவைத் திறந்ததும் கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உங்களுக்கும் வருகிறது என்று கேள்விப்பட்டேன். அந்தக் கோபத்தை இதற்கெல்லாம் செலவழிக்காதீர்கள், வேறு இடத்தில் தேவைப்படும்.

அவரைத் தங்கவேல் என்று வைத்துக்கொள்வோம். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குள் வெற்றிலைக் கடை. சொந்த ஊர் ஹனூர் பக்கம். கைக்குழந்தையாக இருந்த தம்பியோடு குடும்பம் மைசூருக்கு வந்தபோது இவர் மீசை முளைக்காத பையன். கூடை சுமந்து, பிறகு கூடை வாங்கி விற்று, கடைசியில் கடை பிடித்து உட்கார்ந்தவர். வெற்றிலைக்காரர்கள் இலையைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்க மாட்டார்கள். நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மென்று, காரம் எப்படி, நார் எப்படி என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். மென்றதோடு கொஞ்சம் சுண்ணாம்பு சேரும், சுண்ணாம்போடு ஒரு கிள்ளு புகையிலை சேரும். விடிந்ததிலிருந்து கடை கட்டும் வரை தங்கவேலின் இடது கன்னம் காலியாக இருந்ததே இல்லை. அங்கேதான் புற்றுநோய் வந்தது.

கன்னத்தில் ஒரு பகுதியையும் கழுத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் அறுவை செய்து எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் நிணநீர் ஓடுகிற வழியை எடுத்துவிட்டால் அது எங்கே போகும்? தாடைக்குக் கீழே பை மாதிரி தேங்கியது. படுத்து எழுந்தால் காலையில் முகம் ஊதிக் கிடக்கும். நிமிர்ந்து நடமாடினால் மத்தியானத்துக்குள் பாதி இறங்கும். மறுநாள் காலையில் பழையபடி. மார்பில் அறுவை செய்துகொண்ட பெண்களுக்குக் கை வீங்கினால் நாங்கள் சிலர் அதற்கு வேலை செய்துகொண்டிருந்தோம். முகத்துக்கு என்று கேட்டால் 'போகப் போகச் சரியாயிரும்' என்பதுதான் எல்லோரும் வைத்திருந்த மருந்து. தங்கவேலுக்கு அறுவை செய்த டாக்டருக்கு அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை. என்னைக் கூப்பிட்டு, "கைக்குப் பண்றதை முகத்துக்குப் பண்ணிப் பாரும்மா. அந்த ஆள் தினமும் இங்கே வரமாட்டான். நீ வீட்டுக்குப் போ" என்றார். போனேன்.

அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. தங்கவேலின் மனைவி பழனியம்மா கதவைத் திறந்தார். உள்ளே தங்கவேல் மஃப்ளரைத் தாடையோடு சுற்றிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்படி ஒன்றும் குளிர் இல்லை.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். நீங்களும் இதைக் கேளுங்கள். வீக்கம் குறையணும் என்பார்கள். குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று இன்னொரு தடவை கேளுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கும்.

"ஆயுதபூஜைக்குக் கடையில உக்காரணும்" என்றார். நாக்கு சரியாகப் புரளவில்லை, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

பழனியம்மாதான் மீதியைச் சொன்னார். "இப்பக் கடையப் பாத்துக்கற இவரு தம்பி வேண்டாங்கறாருங்க. வீக்கம் வடியட்டும், அப்பறம் வரட்டும்ங்கறாரு. தப்பாச் சொல்லலீங்க அவரு. ஆனாப் பாருங்க, ஆயுதபூஜை யாவாரத்துக்கு ஆரு உக்காந்திருக்காங்களோ அவங்கதான் கடைக்காரங்க. தோட்டத்துக்காரங்க அவங்க மொகத்தைப் பாத்துத்தான் வருஷத்துக்கும் எலை எறக்குவாங்க. இந்தப் பூஜைக்கு இவரு இல்லீன்னா அப்பறம் எப்பவும் இல்லீங்க."

தம்பி நாகராஜை அன்றே பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். வாசற்படியிலேயே நின்று பையை அண்ணியிடம் நீட்டினான். உள்ளே வரவில்லை. மைசூரிலேயே வளர்ந்தவன், பேச்சில் பாதி கன்னடம். என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னான்.

"மேடம், சொல்ப நீங்களே யோசனை பண்ணுங்க. வெத்தலைக் கடையில இந்த மூஞ்சியோட அண்ணன் உக்காந்தா ஜன வாங்குவாங்களா? வெத்தலை போட்டுத்தான் இப்பிடி ஆச்சுன்னு பாத்த உடனே தெரியும் அல்வா, இல்லையா? நான் கெட்டவன் இல்ல மேடம். கடை ஓடினாத்தான் ரெண்டு வீட்டிலயும் அடுப்பு எரியும்."

கெட்டவன் இல்லைதான். ஆனால் அவன் அண்ணன் தண்ணீர் குடித்த டம்ளர் அடுப்படியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்ததையும் நான் பார்த்திருந்தேன். கடையைப் பற்றி மட்டும் அவன் பயப்படவில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டேன். முதல் நாளே எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டியதில்லை.

தேதி மட்டும் நான் கொடுக்கவில்லை. ஆயுதபூஜைக்குள் முகம் இப்படி ஆகும், அப்படி ஆகும் என்று ஒரு சொல் சொல்லவில்லை. "நான் சொல்றதை அப்படியே செஞ்சா நல்லா இறங்கும். எப்போன்னு உங்க உடம்புதான் சொல்லும்" என்றேன். தேதி கேட்பார்கள், கெஞ்சுவார்கள். கொடுக்காதீர்கள்.

தினமும் செய்ய வேண்டிய கை பழனியம்மாவுடையது. காட்டு வேலை செய்து பழகிய கை. முதல் நாள் அவர் கணவரின் கழுத்தில் கை வைத்த விதத்தைப் பார்த்து எனக்கே கழுத்து வலித்தது.

"அம்மா, மாவு பிசையலே நீங்க."

"அழுத்தாம தேச்சா அதென்ன வைத்தியமுங்க?"

"தோலை மட்டும் நகர்த்தணும். பால்ல ஆடை படிஞ்சிருக்கு, அது கிழியாம விரலால ஓரத்துக்குத் தள்றீங்கன்னு வச்சுக்கங்க. அவ்வளவு அழுத்தம் போதும்."

அதைவிடப் பெரிய சந்தேகம் அவருக்கு வேறொன்று. நான் வீங்கிய இடத்தைத் தொடாமல் முதலில் அக்குளையும் நெஞ்சையும் தடவினேன். "வீங்குனது தாடைங்க, நீங்க கக்கத்தைத் தடவறீங்களே" என்றார். தெருவில் மழைத்தண்ணீர் நின்றால் முதலில் எங்கே குத்திவிடுவீர்கள் என்று கேட்டேன். "கடேசியில, அடைப்பு எங்கியோ அங்க" என்றார். சொன்னவருக்கே விளங்கிவிட்டது, சிரித்துவிட்டார். தலையணையை உயர்த்தி வைத்துப் படுப்பது, மூச்சை ஆழமாக இழுத்து விடுவது, பஞ்சுத் துணியில் தைத்த தாடைப்பட்டியை விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் கட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினேன். சூடு எந்த வடிவத்திலும் கூடாது என்றேன். வெந்நீர்ப் பையை என் கண்ணெதிரே பரணில் ஏற்றிவிட்டார்.

வேலை நடந்தது. ஒரு நாள் நான் போனபோது பழனியம்மா கணவரின் தாடையை விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினார். பை மாதிரி விறைத்திருந்த தோலில் மெல்லிய சுருக்கம் ஒன்று விழுந்திருந்தது. முகத்தில் சுருக்கம் விழுந்ததற்குப் புருஷனும் பெண்டாட்டியும் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் லூனாவில் பாடிக்கொண்டே போனேன்.

ஆனால் காலை வீக்கம் முழுசாகப் போகவில்லை. மத்தியானத்தில் பார்க்கிற மாதிரி இருந்த முகம், விடியும்போது பழைய முகமாகத்தான் இருந்தது. மத்தியானம் போய்க் கடையில் உட்காருங்களேன் என்றேன். "வெத்தலை யாவாரம் வெயில் ஏறுனா முடிஞ்சுதுங்க" என்றார் தங்கவேல். தோட்டத்திலிருந்து இலை வந்து இறங்குவது இருட்டோடு. மொத்த வியாபாரம் அப்போதே முடிந்துவிடும். அவருடைய தொழிலுக்கு எந்த நேரம் வேண்டுமோ அதே நேரம்தான் அவருடைய வீக்கத்துக்கும் வேண்டியிருந்தது. பூஜை நெருங்க நெருங்க இருவருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

ஆயுதபூஜைக்கு முந்தின வாரம், ஒரு நாள் காலையில் படியேறும்போதே வாடை அடித்தது. விளக்கெண்ணெய் காய்ந்த வாடை, அதோடு வாட்டிய பச்சிலையின் காரம். பழனியம்மா கலகலப்பாக இருந்தார்.

"இன்னிக்குப் பாருங்க, நல்லா வடிஞ்சிருமுங்க. வெளக்கெண்ணெ தடவி, அனல்ல வாட்டி, வெத்தலையா வெச்சு ஒத்தடம் குடுத்திருக்கறேன். நேத்தும் குடுத்தனுங்க, முந்தாநேத்தும் குடுத்தனுங்க."

"சூடு கூடாதுன்னு சொன்னேனே."

"சூடு வெக்கலீங்களே. வெத்தலைதானுங்க."

இதில் பொய் இல்லை, ஏமாற்று இல்லை. அவருடைய ஊரில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டினால் இதே இலை, வயிறு உப்பினால் இதே இலை. வெந்நீர்ப் பை சூடு, செங்கல் சூடு. வெற்றிலை மருந்து. அதுவும் வெற்றிலை விற்கிற வீட்டில், கவுளி கவுளியாக இலைக்கட்டை வைத்துக்கொண்டு வேறு எதை வைப்பார்கள்?

மஃப்ளரை எடுத்தேன். இலையை இன்னும் எடுக்கவில்லை போல என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். இடது தாடைக்குக் கீழே வெற்றிலையின் வளைவும் கூர் நுனியும் அச்சாகச் சிவந்திருந்தன. நடுவில் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. கழுத்தில் அறுவை செய்யும்போது தோலுக்குப் போகிற நரம்புகள் போய்விடுகின்றன. அங்கே நெருப்பை வைத்தாலும் ஆளுக்குத் தெரியாது. தங்கவேல் பாட்டுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறார். இலை அச்சைத் தாண்டிச் சிவப்பு கீழே இறங்கிக் கழுத்தெலும்பு வரை பளபளவென்று பரவியிருந்தது. என் புறங்கையை வைத்துப் பார்த்தேன், கொதித்தது. போர்வைக்குள் ஆள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் அவரைப் பேசச் சொன்னேன். வாயில் சுடுசோறு வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குரல் வந்தது, முந்தைய தடவை அப்படி இல்லை. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தேன், விழுங்க இரண்டு முறை முக்கினார். தொண்டைக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சில் விசில் சத்தம் இல்லை. அதாவது இன்னும் நேரம் இருந்தது. வெளியே வீங்குகிற கழுத்து உள்ளேயும் வீங்கும். உள்ளே வீங்கினால் மூச்சுக்கு வழி இருக்காது.

"நீங்க ஒருக்காத் தடவிவிட்டீங்கன்னா எறங்கிருமுங்க. உங்க கைக்கு எப்பவும் எறங்குமே" என்றார் பழனியம்மா.

இந்தப் பேச்சுக்குத்தான் பயப்பட வேண்டும். உங்கள் கையை நம்பி ஒருவர் கெஞ்சும்போது கையைக் கட்டிக்கொள்வது சுலபமில்லை. ஆனால் கிருமி புகுந்த இடத்தைத் தடவினால், அதை உடம்பெல்லாம் அனுப்பி வைக்கிற வேலையைத்தான் நாம் செய்வோம். "இன்னிக்கு நான் தொடமாட்டேன். நீங்களும் தொடக்கூடாது. பட்டியும் கட்டக்கூடாது. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்" என்றேன்.

தங்கவேல் தலையை ஆட்டினார். "பூஜை முடிஞ்சு வாரேன். இன்னிக்குத் தோட்டத்துக்காரங்க வாராங்க. நான் போயே ஆகணும்."

நான் சேர்த்து வைத்திருந்த கோபம் அப்போது பயன்பட்டது. "தங்கவேல், கடையில உக்காரக் கழுத்து வேணும். அந்தக் கழுத்துதான் இப்பப் போயிட்டிருக்கு. பூஜை அடுத்த வருஷமும் வரும். எந்திரிங்க" என்றேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பழனியம்மா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். "என்ற கையாலயே சுட்டுப்போட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நான்தான் வெக்கச் சொன்னேன்" என்றார் தங்கவேல். "இல்லீங்க, அவரு கேக்கவே இல்லீங்க, நானாத்தான் வெச்சேன்" என்றார் பழனியம்மா. பழியைத் தன் பக்கம் இழுக்க இருவரும் போட்டி போட்டார்கள். நான் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த தடவை இலையை எடுத்து ஒளித்துவிட்டுக் கதவைத் திறந்திருப்பார்கள், எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இதை மட்டும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்து நாகராஜ் வந்தான். வாசற்படியில் நின்றபடியே அண்ணன் கழுத்தைப் பார்த்தான்.

"ஏனு மேடம் இது? நீங்க தேச்சுத் தேச்சுத்தானே இப்பிடி ஆய்த்து? பேடா, வேண்டாம்னு சொன்னேன், யாராவது கேட்டாங்களா?"

"அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க, உக்காந்து கேக்கறேன். இப்ப ஆட்டோ கூப்பிடுங்க. இவரைப் படுக்க விடக்கூடாது, நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு வரணும். அண்ணிக்கு இப்பத் தெம்பு இல்லை. நீங்கதான் பிடிக்கணும்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு ஆட்டோவுக்கு ஓடினான்.

நான் லூனாவில் பின்னாலேயே போனேன். ஆட்டோவின் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக மூன்று தலைகள் தெரிந்தன. முதலில் நாகராஜின் தலை ஓரத்துக் கம்பியை ஒட்டித் தள்ளி இருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. தங்கவேலின் தலை சாய்ந்தது. நாகராஜின் கை எழுந்து அண்ணன் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அறுவைக்குப் பிறகு அவன் அண்ணனைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று பழனியம்மா பிற்பாடு சொன்னார்.

தொண்டைக்குள் வீக்கம் ஆரம்பித்திருந்தது. ஊசி, டிரிப் எல்லாம் உடனே போட்டார்கள். "ஒரு ராத்திரி தள்ளிப்போட்டிருந்தா கழுத்தில ஓட்டை போட்டுத்தான் மூச்சு விட வச்சிருக்கணும்" என்று அறுவை செய்த அதே டாக்டர் நாகராஜிடம் சொன்னார். என்னிடம் சொல்லாமல் அவனிடம் சொன்னதற்கு அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நாகராஜ் என்னைத் திட்டவில்லை.

ஆயுதபூஜை வந்தது. ஊரே தசராவுக்குத் திரண்டு கிடந்தது. தங்கவேல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, சாயங்காலம் போய் உட்கார்ந்திருந்தேன். கடையில் பூஜை முடித்துவிட்டு நாகராஜ் வந்தான். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு கவுளி வெற்றிலை. அண்ணன் பக்கத்தில் வைத்து, "எல்லாரும் கேட்டாங்கண்ணா. அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னு. பதில் சொல்லியே எனக்குச் சாக்காயிருச்சு" என்றான். சாக்காயிருச்சு என்றால் போதும் போதும் என்றாகிவிட்டது என்று அர்த்தம். தங்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன செய்வது என்று தெரியாமல் நாகராஜ் கவுளியைப் பிரித்தான். ஈர இலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகம் பட்டால் வெற்றிலை அந்த இடத்தில் கறுத்துவிடும், விலை போகாது. அவன் விரல் நுனிச் சதையை வைத்து, இலையை அழுத்தாமல், இழுக்காமல், கொஞ்சம் நகர்த்தி விட்டான். இலை தானே பிரிந்து வந்தது. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழனியம்மாவுக்கு நான் பாடாய்ப்பட்டுச் சொல்லிக்கொடுத்த அந்த அழுத்தம், இவன் கையில் கடையிலேயே வந்து சேர்ந்திருந்தது.

புண் முழுசாக ஆறி, சிவப்பு போய், டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி ஆரம்பித்தோம். வீக்கம் பழையபடியே திரும்பி வந்திருந்தது. ஆனால் பழனியம்மா கை வைக்க மறுத்துவிட்டார். "என்ற கை வேண்டாமுங்க" என்று பின்னால் கட்டிக்கொண்டார். எவ்வளவோ சொன்னேன், அழுதாரே தவிர கையை எடுக்கவில்லை. அவரை வற்புறுத்துவது நியாயமில்லை என்று விட்டேன். நாகராஜுக்குச் சொல்லி அனுப்பினேன்.

இந்த முறை அவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒட்டிக்குமா?"

அண்ணன் எதிரிலேயே கேட்டான். பல மாதமாக அவன் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தது அது. டம்ளர் தனியாகப் போனது அதனால், வாசற்படியில் நின்றது அதனால்.

"ஒட்டாது. தொட்டா ஒட்டாது, ஒரே டம்ளர்ல குடிச்சா ஒட்டாது, பக்கத்தில உக்காந்து யாவாரம் பண்ணாலும் ஒட்டாது. ஆனா நீங்களும் வாயில அடக்கறீங்களே அந்தப் புகையிலை, அதுதான் ஒட்டிக்கும்."

தங்கவேல் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. நாகராஜ் எழுந்து போய் வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தான்.

"வெத்தலை பிரிக்கிற கையை வைங்க. அவ்வளவுதான். புதுசா ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றேன். அவன் அண்ணனின் நெஞ்சில் விரல் வைத்தான். நான் திருத்துவதற்கு அதிகம் இருக்கவில்லை. கடைச் சுண்ணாம்புக் கையோடு தொட்டால் விரலை ஒடித்துவிடுவேன் என்று மட்டும் எச்சரித்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டுதான் தொட வேண்டும். தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நாகராஜ் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விரலை நகர்த்திக்கொண்டிருந்தான்.

முடித்ததும் கேட்டான், "எத்தனை மணிக்குப் பண்ணணும் மேடம் டெய்லி?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"வீக்கம் ஜாஸ்தி இருக்கற நேரத்தில. விடியற்காலையில, முதல் வேலையா."

"விடியக்காலை நான் கடையில இருப்பேனே மேடம். எலை எறங்கற நேரம்."

"அப்ப அவரைக் கடைக்கு வரச்சொல்லுங்க."

பழனியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நாகராஜ் என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான். சாயங்காலம் செய்யலாமா என்று அவன் கேட்டிருக்கலாம். சாயங்காலம் செய்தாலும் ஓரளவு பலன் இருக்கும் என்று நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

"மஃப்ளர் போட்டுக்கிட்டு வரட்டுமா?" என்றான்.

"மஃப்ளர் புண் பட்ட தோலை உரசும். வேண்டாம்" என்றேன். அதுவும் உண்மைதான். நாம் கொடுக்கிற யோசனை உடம்புக்கும் சரியாக இருந்து, உடம்புக்கு வெளியே ஒரு கதவையும் திறக்குமானால் தயங்காமல் கொடுங்கள். அதற்குத்தான் நம்மை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்தக் கடையும் தெரியாது, இலை இறங்கும் நேரமும் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து, எங்கள் வீட்டில் ஒரு விசேஷத்துக்கு வெற்றிலை தேவைப்பட்டது. தெருமுனைக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். வேண்டுமென்றே விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போனேன். சாமந்திக் கூடைகளைத் தாண்டி, ஈரத் தரையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெற்றிலை வரிசைக்கு வந்தேன். கடைக்குப் பின்பக்கம், கூடைகளுக்கு நடுவே, குண்டு பல்பு வெளிச்சத்தில் தங்கவேல் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாகராஜ் அவருக்கு முன்னால் குனிந்து அக்குளில் விரல் வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், "ஏன்ப்பா நாகா, அண்ணனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டறியா?" என்றார். "சும்மா போய்யா, ஓட வேண்டியது ஓடுது" என்றான் இவன், தலையைத் தூக்காமலே.

நான் மறைந்தே நின்றேன். தங்கவேல் எழுந்து கடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மஃப்ளர் இல்லை. வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, கொஞ்சம் இருந்தது, இடது தாடையில் இலை அச்சின் தழும்பும் இருந்தது. அந்த வீக்கம் கடைசிவரை முழுசாகப் போகவே இல்லை, அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டத்துக்காரர் கூடையை இறக்கினார். தங்கவேல் ஒரு இலையை எடுத்து, வாயில் போடாமல், காதருகே வைத்துக் கிழித்து நார் முறிகிற சத்தத்தைக் கேட்டு, மோந்து பார்த்தார். இன்னொன்றைக் கிழித்தார். அவசரமே இல்லை அவருக்கு.

வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு ஆள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி, நாகராஜ் பக்கம் நகர்ந்து, "நீயே ரெண்டு கட்டு எடுத்துக் குடுப்பா, நேரமாகுது" என்றார். நாகராஜ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தடவல், பட்டி, தலையணை என்று நான் செய்ததெல்லாம் அந்த ஒரு பதிலில்தான் நின்றது.

"இருங்க சார்" என்றான் நாகராஜ். "அண்ணன் பாத்து எடுத்துக் குடுப்பாரு."

அந்த ஆள் நின்றார். நானும் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.